செட்டிநாட்டு வீட்டில் ஓவியக்கூடம்: என் 22 மாதக் கணக்கு

2022 மார்ச்சில் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சின்னதாக ஓர் ஓவியக்கூடம் திறந்தேன். 2024 ஜனவரியில் அந்த இடத்தைக் காலி செய்தேன். இடையில் நான்கு லட்சத்துக்கு மேல் போனது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நான் மதித்த ஒரு பெரியவரின் ஒன்பது ஓவியங்கள் என் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தபோதே பூஞ்சை பிடித்துப்போனதை இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. போன மாதம் ஒரு தம்பி போன் செய்து, "அக்கா, எங்க ஊர்ல கேலரி வைக்கலாம்னு இருக்கேன்" என்றான். இரண்டு மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். அப்புறம் சென்னையில் 14 வருடம் விளம்பர நிறுவனங்களில் டிசைனராக வேலை. கணவரின் சொந்த ஊருக்குத் திரும்பியபோது கையில் ஆறு லட்சம் சேமிப்பு இருந்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி மெருகேற்றிய சுவர், வெயில் நேரத்திலும் உள்ளே குளுமை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்றின் முகப்பும் ஒட்டிய ஹாலும் மாத வாடகை 9,000 ரூபாய்க்குக் கிடைத்தபோது அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "உங்களை மாதிரி ஒருத்தர் வந்து விளக்கேத்தினா வீடு உயிரோட இருக்கும்" என்றார். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம். அவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

அந்த வீட்டுக்கு ஒன்பது பங்காளிகள். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். "எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்று அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. போனில் சொல்லியிருந்தார், மற்றவர்களும் சரி சரி என்றிருந்தார்கள். ஆனால் போனில் சொன்ன சரிக்கும் எழுதிக் கொடுத்த சரிக்கும் இருக்கும் தூரம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பங்காளிகள் வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். எல்லாப் பங்குதாரர்களிடமும் ஒற்றை வரியாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வெளிநாட்டில் இருப்பவர் மெயில் அனுப்பினாலும் போதும். அடுத்து, வருடத்தில் எந்தெந்த நாட்களில் வீடு அவர்களுக்கு வேண்டும் என்று கேட்டு ஒப்பந்தத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகள் சும்மா பூட்டிக் கிடப்பவை அல்ல. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் குடும்பம் மொத்தமும் திரும்பி வரும். அது அவர்கள் உரிமை.

முதல் தப்பைச் சுவரில் செய்தேன். ஹாலில் மெருகு போய்ச் சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே பெயர்ந்திருந்தது. கொத்தனார் ஐயா, "வெறும் சுண்ணாம்பு அடிச்சாப் போதும்த்தா" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கோ கேலரி என்றால் தட்டையான மழமழ வெள்ளைச் சுவர்தான் கண்ணில் நின்றது. எமல்ஷன் அடிக்கச் சொன்னேன். பழுதுபார்ப்பும் பெயின்ட்டும் சேர்த்து 85,000 ரூபாய். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் சுவர். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஆறாம் மாதம் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்து வந்தது. கொத்தனார் பேச்சைக் கேட்டிருந்தால் 20,000 ரூபாயில் முடிந்திருக்கும். ஆணி விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். மெருகுச் சுவரில் ஓர் ஆணி இறங்கினால் ஒரு முழம் விரிசல் ஓடும். உத்தரத்தை ஒட்டி அலுமினியத் தடம் ஓட்டி, கம்பியில் படங்களைத் தொங்கவிட்டேன். 21,000 ரூபாய் ஆனது, இன்றுவரை உழைக்கிறது. வீட்டை மாற்றினாலும் கழற்றி எடுத்துப் போகலாம். முதலில் வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்பேன்.

திறப்பு விழாவுக்கு 38,000 ரூபாய் செலவழித்தேன். சென்னையிலிருந்து கல்லூரி நண்பர்கள் வேன் பிடித்து வந்தார்கள். அன்று ஒரே நாளில் நான்கு ஓவியங்கள் விற்றன, எல்லாம் நண்பர்களே வாங்கியவை. அடுத்த மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. ஊர்க்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்குவார்கள், "டிக்கெட் உண்டாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மனசு மிகவும் விட்டுப்போனது. ஒருநாள் ஒரு படத்தைத் துடைப்பதற்காகத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் உட்கார்ந்து, இது எந்தக் கோயில் குளம் என்று கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு படம் திண்ணைக்கு வந்தது, பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரும் வைத்தேன். "பார்க்கக் காசு கிடையாது, உள்ளே வாங்க" என்று கையால் எழுதி மாட்டினேன். அச்சடித்த அழைப்பிதழ் செய்யாததை அந்தப் பலகை செய்தது. விழாவில் போட்ட பணத்தில் பாதியைக் கையில் வைத்திருந்தால் மழைக்காலத்துக்கு உதவியிருக்கும்.

மழைக்கு வருகிறேன். வெளியூர், வெளிநாட்டுப் பயணிகள் இந்தப் பக்கம் வரத் தொடங்குவது நவம்பரில், மார்ச் வரை வருவார்கள். வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். அதாவது வாங்க ஆள் வரும் நேரமும் சுவர் நனையும் நேரமும் ஒன்று. 2022 அக்டோபரில் பக்கத்து ஊரில் இருந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரின் கண்காட்சியை வைத்தேன். 74 வயது. எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வருடமாக இந்த வட்டாரத்து ஊருணிகளை மட்டுமே நீர்வண்ணத்தில் வரைந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவர். தூர்ந்துபோன ஊருணிகள்கூட அவர் காகிதத்தில் தண்ணீரோடு இருந்தன. 26 படங்களைத் தேர்ந்தெடுத்து சட்டம் போட்டேன். செலவைக் குறைக்கக் காகிதம் கண்ணாடியில் ஒட்டும்படி வைத்து, பின்னால் ஹார்டுபோர்டு அடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததுதான். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தண்ணீர் தேங்கியது. எனக்குக் காய்ச்சல், கடையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. கீழ் வரிசைப் படங்களில் கண்ணாடிக்குள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒன்றில் வானம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. சட்டத்தின் பின்பக்கம் ராமபாணப் பூச்சி ஓடியது. பதற்றத்தில் ஒரு படத்தைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். வண்ணமும் பூஞ்சையும் சேர்ந்து குழம்பிப்போனது. அந்த ஊருணியை நானே அழித்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். கூப்பிட்டுக் கேட்க இந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் இல்லை.

அப்படி நேர்ந்தால் நீங்கள் செய்ய வேண்டியது இது. தொடாதீர்கள், துடைக்காதீர்கள். பிடித்த படங்களை மற்றவற்றிடமிருந்து பிரித்து, சட்டத்தைக் கழற்றி, வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் மல்லாத்தி வையுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சை நன்றாகக் காய்ந்து பொடியான பிறகுதான் மென்மையான தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டிவிட வேண்டும். மதிப்புள்ள படம் என்றால் அதுவும் வேண்டாம், காகிதச் சீரமைப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோய்விடுங்கள். நான் சென்னைக்கு எடுத்துப்போனேன். 18,000 ரூபாய் ஆனது. ஒன்பதில் நான்கு தேறின.

அது நேராமல் இருக்க, முதல் வேலையாக ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலம் இல்லாத மவுன்ட் அட்டை இருக்க வேண்டும். மதுரையில் கேட்டாலே கிடைக்கிறது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போகும், பல்லியும் அங்கே குடியிருக்காது. காசு செலவே இல்லாத காரியம் அது, அதைக்கூட நான் செய்யாமல் விட்டேன். மழை மாதங்களில் காகித ஓவியங்களை மாட்டவே மாட்டாதீர்கள். அந்த மூன்று மாதமும் கான்வாஸ், மரம், உலோகம், சுடுமண் இவற்றுக்கு ஒதுக்குங்கள். விளக்குக்கும் ஒரு வார்த்தை: நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு. நான் 46,000 ரூபாய்க்கு வாங்கிய விளக்குகளில் பாதியை அணைத்து வைத்திருந்தாலே படங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்ன அந்த மாலையை மறக்க முடியாது. படங்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். "விடும்மா, என் பெட்டியில இருந்திருந்தாலும் ஒருநாள் செல்லரிச்சிருக்கும்" என்றார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் அவர் மகன் ஒரு வாரம் கழித்து வந்து நஷ்டஈடு கேட்டார். அவர் கேட்டது நியாயம். பிரச்சினை என்னவென்றால், எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எந்தப் படத்துக்கு என்ன விலை என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. "மாஸ்டர், நான் பார்த்துக்கிறேன்", "உன் இஷ்டம்மா", அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். விற்றால் 30 சதவீதம் எனக்கு என்பதைக்கூட வாயால்தான் பேசியிருந்தோம். மகன் ஒரு தொகை சொல்ல, நான் ஒரு தொகை சொல்ல, ஒரு மாதம் இழுத்து 72,000 ரூபாயில் முடிந்தது. அந்த ஒரு மாதமும் மாஸ்டர் எங்கள் இருவருக்கும் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுதிக் கேட்டால் அவர் மனம் புண்படும் என்று பயந்தேன். எழுதாததால்தான் அவரை அப்படி உட்காரவைத்தேன்.

இப்போது ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு பக்கத் தாள் உண்டு. படத்தின் பெயர், அளவு, ஊடகம், வாங்கும்போது இருந்த நிலை, முன்பக்கம் பின்பக்கம் போட்டோ, விற்பனை விலை, என் கமிஷன், தள்ளுபடி தர நேர்ந்தால் யார் பங்கிலிருந்து போகும், விற்ற எத்தனை நாளுக்குள் பணம் தருவேன், சேதமானால் எவ்வளவு தருவேன், எந்தத் தேதியில் திருப்பித் தருவேன். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. கடைக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் இந்தத் தாள்தான் கை கொடுக்கும். அடுத்தவர் படங்கள் நம் பாலிசியில் தானாகச் சேராது, ஒவ்வொன்றையும் மதிப்போடு பட்டியல் போட்டுச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொரு வரியும் தாளில் உண்டு: படத்தை விற்றாலும் அதை அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கும். பதிப்புரிமைச் சட்டப்படி அது எழுத்தில் கொடுக்கப்படாமல் கைமாறாது. ஒரு தங்கும் விடுதிக்காரர் எங்களிடம் வாங்கிய படத்தைத் தன் மெனு அட்டையில் அச்சிட்ட பிறகு இதைக் கற்றுக்கொண்டேன்.

பயணிகள் வரும் ஊர் என்பதால் வேறு ஒரு வலையும் உண்டு. மூன்றாம் மாதமே ஒருவர் துணியில் சுற்றிய தஞ்சாவூர் ஓவியத்தோடு வந்தார். தாத்தா காலத்தது, விற்றுத் தாருங்கள் என்றார். கண்ணாடிக் கல் பதித்த அழகான கிருஷ்ணன். ஆசையாகத்தான் இருந்தது. நல்லவேளை, கல்லூரி நண்பனிடம் கேட்டேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வாங்கி விற்கத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும், நாட்டை விட்டு வெளியே தனியார் கொண்டுபோகவே முடியாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கிப்போய் விமான நிலையத்தில் பிடிபட்டால் நம் ரசீதுதான் முதலில் வெளியே வரும். பழசு எதுவும் என் கூடத்துக்குள் வராது என்று அன்றே முடிவெடுத்தேன். ஜிஎஸ்டி பற்றி எல்லோரும் கேட்பார்கள்: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு வேண்டியதில்லை. கையால் வரைந்த ஓவியத்துக்கு வரி 12 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது. வெளிமாநிலத்துக்கு அனுப்புவது தனி விஷயம், முதல் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மின்சாரத்தில் வாங்கிய அடி முழுக்க என் தவறு. வீட்டு இணைப்பிலேயே கூடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கட்டணம் வேறு, வணிகக் கட்டணம் வேறு என்று ஒரு பேச்சாகத் தெரியும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். 2023 நடுவில் சோதனைக்கு வந்தவர்கள் முந்தைய ஒரு வருடத்துக்கு, வணிகக் கட்டணத்தின் இரு மடங்கில் கணக்குப் போட்டார்கள். மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 28,000 ரூபாய் கட்டினேன். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் அவருக்கும் அவமானம். சாவி வாங்கும் அன்றே கட்டண மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விற்பனை பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். 22 மாதத்தில் 23 ஓவியங்கள், மொத்தம் 3,10,000 ரூபாய். என் பங்கு 93,000. வாடகையே 1,98,000. ஓவியம் விற்று வாடகை கட்டலாம் என்ற நம்பிக்கையோடு சிற்றூரில் யாரும் திறக்காதீர்கள். 2023 ஜூனில் மனசொடிந்து இருந்தபோது, சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கிராமத்தை நினைத்துக்கொண்டேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள் ஓவியத்தை நம்பி அந்த நிலத்தை வாங்கவில்லை. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய கலைஞர்களே வயிற்றுக்கு ஒரு கை, ஓவியத்துக்கு ஒரு கை என்று வைத்திருந்தார்களே என்று தோன்றியது. சனி ஞாயிறு குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு ஆரம்பித்தேன். 16 பிள்ளைகள், ஆளுக்கு 600 ரூபாய், மாதம் 9,600. வாடகை அதில் அடங்கிவிட்டது. வீட்டு முகப்புகளையும் ஊருணிகளையும், ஓவியர்களுக்குப் பங்கு கொடுத்து, அஞ்சலட்டைகளாக அச்சிட்டேன். அதில் 41,000 ரூபாய் நின்றது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள்தான் படம் பார்த்தார்கள், கிரகப்பிரவேசத்துக்குப் படம் வாங்கினார்கள். இந்த வகுப்பை முதல் மாதமே தொடங்கியிருக்க வேண்டும். கலைக்கூடத்தில் டியூஷனா என்று கௌரவம் பார்த்ததில் 15 மாதம் போயிற்று.

கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கிய நேரத்தில், 2023 கார்த்திகையில் வீட்டுக்காரக் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம், முகப்பு வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏத்தா, நீ நல்லாத்தான் வச்சிருக்க. ஆனா இது நாங்க பொறந்து வளர்ந்த வீடு. எங்க எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு முறை புதுப்பித்த 11 மாத ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது, மற்ற பங்காளிகள் நீட்டிக்க வேண்டாம் என்றார்கள். ஆறு வாரத்தில் காலி செய்தேன். அட்வான்ஸ் ஐந்து மாதம் கழித்து முழுதாக வந்தது.

கணக்கை அப்படியே தருகிறேன். அட்வான்ஸ், பழுதுபார்ப்பு, விளக்கு, தடம், சட்டங்கள், விழா எல்லாம் சேர்த்துத் தொடக்கச் செலவு 3,52,000. வாடகை 1,98,000. பத்து மாதம் உதவிக்கு இருந்த பெண்ணுக்குச் சம்பளம் 60,000. நஷ்டஈடு 72,000, சீரமைப்பு 18,000, மின்சாரம் 28,000. வந்தது: கமிஷன் 93,000, எட்டு மாத வகுப்பு 76,800, அஞ்சலட்டை 41,000, திரும்பிய அட்வான்ஸ் ஒரு லட்சம். போனது 4,17,200 ரூபாய், சில்லறைச் செலவுகளைச் சேர்க்காமல்.

இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கான்கிரீட் கூரை போட்ட ஒரு மாடி ஹாலில் இருக்கிறேன். அழகு கிடையாது, ஒழுகுவதும் கிடையாது. ஒரே உரிமையாளர், வணிக மின் இணைப்பு, வாடகை 5,500. வார நாட்களில் சாயங்காலம் மட்டும் திறக்கிறேன். திண்ணை இல்லாததுதான் குறை. மாடிப்படி ஏறும் சுவரில் படங்களை மாட்டி வைத்திருக்கிறேன், பாதி வழியில் நின்று பார்க்கிறார்கள். போன வாரம் மாஸ்டர் புதிதாக மூன்று ஊருணிகளை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். மழை விட்டதும் தை மாதம் மாட்டலாம் என்று சொல்லித் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். விலை என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஆயிரம் ரூபாய் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.